பாட்டு எப்போது வரும்?

வி. சி. கணேசன். இந்தப் பெயரில் உள்ள முதல் எழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது தெரியுமா? விழுப்புரத்தை! பல திசைகளிலிருந்தும் ரயில் பாதைகள் வந்து கூடுகிற அதே விழுப்புரந்தான். சின்னையா மன்றாயரின் மகன் கணேசன் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அங்கே பிறந்தார். நாடக மேடையில் சிவாஜியாக நடித்துப் பெரியாரின் வாயால் ‘சிவாஜி’ என்ற பட்டம் பெற்றார். 1952-இல் ‘பராசக்தி’ வெளியானதும், தமிழ்நாடு முழுவதும் அவர் பேசிய வசனத்தைத் திருப்பிப் பேசிற்று.

1954-ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டி ‘அந்த நாள்’ வந்தது. ஏவி.எம். எடுத்த படம், சிவாஜி கணேசன் நடித்த படம். ரசிகர்கள் எதை எதிர்பார்த்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அடுக்கடுக்காக வசனம் உண்டு, பாட்டு உண்டு, நாட்டியம் உண்டு, முடிவில் சுபம் உண்டு!

ஆனால், நடந்தது வேறு.

முதல் காட்சியிலேயே!

துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் ராஜன் சுருண்டு விழுந்து சாகிறான். படம் தொடங்கிச் சில நிமிஷங்கள்கூட ஆகவில்லை!

1943-இல் சென்னையின் மீது ஜப்பான் விமானம் குண்டு வீசிய சமயத்தில் நடக்கும் கதை இது. ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். அவனைச் சுட்டது யார்? துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். அவர் வேறொருவரைக் காட்டுகிறார். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் செத்தவன் உயிரோடு வருகிறான். ஜப்பானியர் அகிர குரோசாவா 1950-இல் எடுத்த ‘ரஷோமோன்’ படம் காட்டிய வழி இது. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே அந்த அதிகாரியாகவும் நடித்தார்.

எல்லாம் சரி, பாட்டு எப்போது வரும்? வரவே வராது! பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் படமும் முடிந்துவிடும். 1931-இல் தமிழ் பேசத் தொடங்கிய சினிமாவில் ஒரே படத்தில் ஐம்பது பாட்டுக்கூட இருந்ததுண்டு. அப்படிப் பழகிய காதுகள் சும்மா இருக்குமா? கொட்டகைகளில் கூச்சல் எழுந்தது. படத்தை எடுத்துவிடலாம் என்று கொட்டகைக்காரர்கள் சொன்னார்களாம். தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியாரோ அசையவில்லை. நஷ்டத்தைத் தாமே ஈடு செய்வதாகச் சொல்லிப் படத்தை ஓட வைத்தார் என்று திரையுலகில் இன்றும் சொல்லுவார்கள்.

எதை ஒலிப்பது?

ரசிகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னையிலிருந்து தெற்கே போனால் திண்டிவனம். அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் விழுப்புரம். அந்த நாளில் இத்தகைய ஊர்களில் படப் பெட்டி வந்து இறங்குவதே ஒரு திருவிழா. டூரிங் கொட்டகையின் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால்தான், “இன்றைக்கு ஆட்டம் உண்டு” என்று சுற்றுக் கிராமத்தார் வண்டி கட்டுவார்கள். வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். படம் போய்விட்டாலும் பாட்டு ஊரில் தங்கிவிடும். களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் அதைப் பாடிக்கொண்டிருப்பார்கள். பாட்டே இல்லாத படத்துக்கு எதை ஒலிப்பது? எந்தப் புத்தகத்தை விற்பது? வேறொரு படத்தின் பாட்டைத்தான் இரவல் வாங்க வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கை. பாட்டே வேண்டாம் என்று படம் எடுத்த டைரக்டர் யார்? வீணை எஸ். பாலசந்தர்! குருவிடம் முறையாகப் பயிலாமல், தாமாகவே வாசித்துப் பழகி உலகப் புகழ் பெற்ற சங்கீத வித்துவான். சங்கீதம் தெரியாதவர் பாட்டை விட்டிருந்தால் அதில் அதிசயமில்லை. சங்கீதத்திலேயே ஊறியவர், இந்தக் கதைக்கு அது தேவையில்லை என்று ஒதுக்கினார்.

தியாகியின் மகன்

பாட்டு இல்லாதது ஒரு ஏமாற்றம். அதைவிடப் பெரியது இன்னொன்று. ராஜன் நல்லவன் அல்ல. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில், ஜப்பானியருக்கு உளவு சொல்லும் துரோகி. சிவாஜியின் தந்தையோ சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். தேசத்துக்காகச் சிறை சென்றவரின் மகன், கதாநாயகனாக உயர்ந்துகொண்டிருந்த வேளையில், தேசத் துரோகியாக நடிக்கத் துணிந்தார். “நம்ம கணேசனா இப்படி?” என்று எவராவது மனம் நொந்திருந்தால், அதுவும் அவருடைய நடிப்புக்குக் கிடைத்த வெற்றிதான்.

1954-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் ‘அந்த நாள்’ தகுதிச் சான்று பெற்றது. தமிழ்ச் சினிமாவின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் அதை விடுவதில்லை. பாட்டில்லாமலே 1988-இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வந்தது. 2019 தீபாவளிக்கு ‘கைதி’ வந்தது. அதிலும் பாட்டு இல்லை. கூச்சல் இல்லை; கைதட்டல்தான்!

படம் மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறினார்கள். கொட்டகைக்குள் நுழையும்போதே நாம் மனத்துக்குள் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டு போகிறோம். திரையில் ஓடுவது அதுவாக இல்லாவிட்டால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைச் சற்றுப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் ‘அந்த நாள்’ தன்னைக் காட்டியது.

ஆமாம், ராஜனைச் சுட்டது யார்? அதை இங்கே சொன்னால், இன்னும் பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள்!