கெட்டிலின் அடியில் ஒரு கணக்கு

வீட்டில் இருக்கும் எலக்ட்ரிக் கெட்டிலைக் காலி செய்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜொகூரில் விற்கும் பல கெட்டில்களில் இப்படி அச்சிட்டிருப்பார்கள்: 220–240 வோல்ட், 1850–2200 வாட். கெட்டில் ஒன்று. வாட் ஏன் இரண்டு?

இதற்கு விடை தெரிந்துகொண்டால் வீட்டு மின்சாரத்தின் பாதிக் கதை விளங்கிவிடும். மீதிப் பாதி சுவர் பிளக்கில் இருக்கிறது.

கெட்டிலின் அடியில் ஓர் உலோகக் குழாய் வளைந்து கிடக்கிறது. அதற்குள் நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பி குழாயைத் தொடாதபடி நடுவே மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். கம்பியின் வழியே மின்சாரத்தைத் தள்ளுவது மின்னழுத்தம். அதை வோல்ட்டில் சொல்கிறோம். ஓடும் அளவு மின்னோட்டம், அது ஆம்பியர். ஓட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்புதான் மின்தடை, அது ஓம். (மின்சாரம் போய்விடுவதையும் மின்தடை என்கிறோம்; இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல.)

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்து பார்த்தார். மூன்றுக்கும் உள்ள உறவை 1827இல் நூலாக வெளியிட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது திறன். இந்த இரண்டு வரிகள் போதும்.

கெட்டிலுக்கு வருவோம். 2200 வாட்டை 240 வோல்ட்டால் வகுத்தால் 9.17 ஆம்பியர். 240ஐ 9.17ஆல் வகுத்தால் 26.2 ஓம். இனி அடுத்த ஜோடி: 1850ஐ 220ஆல் வகுத்தால் 8.41 ஆம்பியர். 220ஐ 8.41ஆல் வகுத்தால் மறுபடியும் 26.2 ஓம்!

கம்பி மாறவில்லை, அதன் தடையும் மாறவில்லை. மாறுவது சுவரிலிருந்து வரும் அழுத்தம் மட்டுமே. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. வாட் இரண்டின் பெருக்கல் என்பதால் இழப்பு இரண்டு பக்கமும் சேர்கிறது. அழுத்தம் 8 விழுக்காடு இறங்கினால் திறன் 16 விழுக்காடு இறங்குவது அதனால்தான்.

மலேசியாவின் வீட்டு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட். 2008 முதல் 230 வோல்ட் என்று வகுத்திருக்கிறார்கள். ஆக, நம் வீட்டில் அந்தக் கெட்டில் 8.8 ஆம்பியர் இழுத்து, ஏறக்குறைய 2020 வாட் தருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் சோதித்துப் பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, கெட்டிலை அதன் தட்டில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். நீளமான எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களில் மீட்டரின் முனைகளை வைத்தால் 26 ஓமுக்கு அருகில் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இந்த நேர்க்கணக்கு சூடாக்கும் கருவிகளுக்குத்தான் பொருந்தும். மின்விசிறி, ஏர்கோண்ட் போன்ற மோட்டார் கருவிகளுக்குக் கணக்கு வேறு. குளியலறை ஹீட்டருக்குப் பொருந்தும்: 240 வோல்ட்டில் 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்பியர். நம் மூன்று பின் பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான். வயர்மேன் ஹீட்டருக்கென்று தனி வயர் இழுப்பதன் காரணம் இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

வோல்ட் என்பதே ஆம்பியரும் ஓமும் பெருக்கிய எண். ஆகவே கம்பியில் வெப்பமாக மாறும் வாட்டை வேறு விதமாகவும் எழுதலாம்: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, ஓமால் பெருக்குவது. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ஜொகூரின் பொந்தியானில் உள்ள தஞ்சோங் பின் மின்நிலையத்தின் முதல் மூன்று இயந்திரங்களும் ஒவ்வொன்றும் 700 மெகாவாட். அவ்வளவு திறனை 230 வோல்ட்டில் அனுப்பப் பார்த்தால் கம்பிகள் தாங்கா. அதனால்தான் தீபகற்பத்தின் நெடுந்தூரக் கம்பிகள் 132, 275, 500 கிலோவோல்ட்டில் ஓடுகின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் அதே திறனுக்கு ஓட்டம் குறைகிறது. வழியில் வீணாகும் வெப்பமும் குறைகிறது.

வீட்டில் அழுத்தத்தைக் கூட்ட நமக்கு வழியில்லை. நம் கையில் இருப்பது தடை. பழைய எக்ஸ்டென்ஷனில் பிளக் தளர்ந்து உட்கார்ந்திருக்கிறது, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். கெட்டிலின் 8.8 ஆம்பியர் அங்கே கிட்டத்தட்ட 8 வாட் வெப்பத்தை உண்டாக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சொருகினால் மொத்த ஓட்டம் 13 ஆம்பியரைத் தொடும். அந்த ஒரு புள்ளியில் வெப்பம் 17 வாட் ஆகிவிடும். எலக்ட்ரானிக் வேலைக்கான சிறிய சோல்டரிங் அயர்னின் சூடு அது, மிளகளவு இடத்தில். பிளாஸ்டிக் பழுப்பேறுவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான்.

இதில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. ஃபியூஸ் பார்ப்பது ஓட்டத்தின் அளவை. அது எல்லையை மீறவில்லை. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி பார்ப்பது கசிவை. இங்கே கசிவே இல்லை. இரண்டும் சும்மா இருக்கும். கெட்டிலிலும் நல்ல விதமாகவே தண்ணீர் கொதிக்கும்.

காவலாக மிஞ்சுவது உங்கள் கைதான். அடுத்த முறை தேநீருக்குத் தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் முதுகில் விரல் வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. விரலை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. அன்றே மாற்றிவிடுங்கள்.