கறிக்கோழித் தீவனத்தில் மூலிகைகள்

ரிஷிவந்தியம் வட்டாரத்துக் கொல்லைகளில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவன ஆலைகளுக்கே செல்கிறது. மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மக்கள் கடுக்காய் முதலிய மூலிகைப் பொருள்களைச் சேகரித்து விற்கின்றனர். மக்காச்சோளத்துடன் மூலிகையையும் சிறிதளவு கலந்து கோழிக்குக் கொடுத்தால் என்ன? கோழிக்கு நோய் கண்டால் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். ஆனால், முற்றத்தில் மேயும் பத்துக் கோழிகளுக்குச் செய்வதை, ஒரே கொட்டகையில் ஐயாயிரம் குஞ்சுகள் வளரும் பண்ணைக்குப் பொருத்த முடியுமா? அறிவியலார் இன்று உலகெங்கும் ஆராய்ந்து வரும் கேள்வி இது. இதற்கான காரணத்தை முதலில் காண்போம்.

மருந்து தீவனமான கதை

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர் கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்ற மலிவான பி12 வைட்டமினைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே இதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. 1951இல் அமெரிக்க அரசு இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்க்க அனுமதி அளித்தது. விரைவில் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது.

நோயே இல்லாத குஞ்சுக்கு மருந்து எப்படி வளர்ச்சி தருகிறது? 1963இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை இதற்கு விடை கூறியது. கிருமிகளே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது கூடுதல் வளர்ச்சி ஏற்படவில்லை. ஆகவே, மருந்து குஞ்சை நேரடியாக வளர்ப்பதில்லை. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களை அடக்குவதன் வாயிலாகவே பயன் தருகிறது என்பது புலனாயிற்று. மருந்துக்குப் பதிலாக வேறு எதைச் சேர்ப்பதாயினும் அது குடலில்தான் வேலை செய்ய வேண்டும் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

மலிவாகக் கிடைத்த இப்பயனுக்கு ஒரு விலை இருந்தது. சிறிய அளவில் நாள்தோறும் மருந்தைச் சந்திக்கும் பாக்டீரியங்களுள் மெலிந்தவை மடிகின்றன. மருந்தைத் தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. 2015ஆம் ஆண்டு சீனாவில் கண்டறியப்பட்ட ஒரு செய்தி மருத்துவ உலகை அதிரச் செய்தது. பிற மருந்துகள் பயன்படாதபோது நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று கோலிஸ்டின். இதைத் தாங்கும் திறனைத் தரும் மரபணு பன்றி, கோழி இறைச்சியிலுள்ள பாக்டீரியங்களிலும் மனித நோயாளிகளின் உடலிலும் காணப்பட்டது. ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது! பண்ணைக் கொட்டகையில் செய்வது மருத்துவமனைக் கட்டிலில் எதிரொலிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சுவீடன் 1986லேயே வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து இத்தடை நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. இந்த இடத்தை நிரப்பத்தான் மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் அழைக்கப்படுகின்றன.

ஓமம் எவ்வாறு வேலை செய்கிறது?

ஓமத்தின் மணத்துக்குக் காரணம் தைமால் என்னும் பொருள். கற்பூரவள்ளியில் கார்வக்ரால், கிராம்பில் யூஜினால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு ஆகியவை உள்ளன. இவை பெரும்பாலும் நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. இப்பண்புதான் இங்கு முக்கியம்.

பாக்டீரியத்தைச் சுற்றிலும் கொழுப்பாலான மெல்லிய படலம் ஒன்று உள்ளது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். படலத்தின் இருபுறங்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. 0.1 வோல்ட் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தடிமனால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 2 கோடி வோல்ட் வருகிறது! உலர்ந்த காற்று மின்பொறி பறந்து முறிவதற்கு மீட்டருக்கு 30 இலட்சம் வோல்ட் போதும். இவ்வளவு வலிமையான மின்புலத்தைத் தாங்கி நிற்கும் படலம் ஒரு சிறிய மின்கலம் போன்றது. பாக்டீரியம் தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை இதிலிருந்தே பெறுகிறது. தைமால் மூலக்கூறுகள் கொழுப்புப் படலத்தினுள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. ஹைட்ரஜன், பொட்டாசியம் அயனிகள் கசிகின்றன. மின்கலம் வடிந்துவிடுகிறது, பாக்டீரியம் சோர்கிறது.

வேறு வழிகளிலும் பயன் உண்டு. நறுமணப் பொருள்கள் பித்தநீரையும் செரிமான நொதிகளையும் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட நுண்ணுயிர்கள் குறையும்போது சிறுகுடலின் உட்சுவரிலுள்ள குடலுறிஞ்சிகள் சேதமின்றி நீண்டு வளர்கின்றன. உணவை உறிஞ்சும் பரப்பு கூடுகிறது.

மஞ்சளைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஈரம் காயாத மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிக் கோழியின் ஈரலைத் தாக்கும். அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் இந்திய அறிவியலார் ஒருவரும் பங்கேற்ற ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. நஞ்சு கலந்த தீவனம் உண்ட கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு 0.5 சதவீதம் மஞ்சள் பொடி சேர்த்தபோது பாதிப்பு ஓரளவு குறைந்தது என்று அவை தெரிவித்தன. ஆயினும், சோளத்தை நன்கு காயவைத்துச் சேமிப்பதே முதல் மருந்து என்பதில் ஐயமில்லை.

கோழிக்குக் காரம் இல்லை

மிளகாய்ப் பொடி கலந்த தீவனத்தைக் கோழி எப்படித் தின்னும் என்று சிலர் வியக்கலாம். நமது நாக்கில் சூட்டை உணரும் ஒரு புரதமே மிளகாயின் கேப்சைசினையும் உணர்கிறது. அதனால்தான் காரத்தை 'எரிகிறது' என்கிறோம். கோழியிடமும் இப்புரதம் உண்டு. அது சூட்டை உணரும், ஆனால் கேப்சைசினைப் பொருட்படுத்தாது. இவ்வேறுபாட்டை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 2002இல் விளக்கினர். அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகள் மிளகாய்ப் பழத்தைத் தின்று விதைகளைப் பரப்புவதன் இரகசியமும் இதுவே.

கோடையும் கோழியும்

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. சித்திரை, வைகாசியில் கொட்டகையின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது, கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளும் அநேகமாக அடைபட்டுவிடுகின்றன. எஞ்சியிருப்பது ஆவியாதல் ஒன்றே. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 575 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே கோழி வாயைத் திறந்து இரைக்கிறது. அப்போது தீவனம் உண்பது குறைகிறது. திசுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதமும் மிகுகிறது. நெல்லிக்காய், துளசி, மஞ்சள் போன்றவற்றிலுள்ள பொருள்கள் இச்சேதத்தைத் தணிக்க உதவலாம். எனினும் கூரையின் வெப்பத்தையும் கொட்டகையின் நெரிசலையும் எந்த மூலிகையாலும் போக்க முடியாது.

எதிர்ப்படும் இடர்ப்பாடுகள்

முதல் இடர்ப்பாடு, மூலிகையின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு டன் தீவனத்தில் 5 கிலோ ஓமம் கலப்பதாகக் கொள்வோம். அதில் 3 சதவீதம் எண்ணெயும், எண்ணெயில் 45 சதவீதம் தைமாலும் இருந்தால், நமக்குக் கிடைப்பது 67 கிராம் தைமால். அடுத்த மூட்டையில் எண்ணெய் 2 சதவீதமும் தைமால் 35 சதவீதமும் இருந்தால் கிடைப்பது 35 கிராம் மட்டுமே. எடை ஒன்றுதான், மருந்து பாதியாகிவிட்டது!

இரண்டாவது, வெப்பம். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது மாவின் ஊடே நீராவியைச் செலுத்தி 70 முதல் 85 டிகிரி வரை சூடேற்றுகின்றனர். தைமாலின் கொதிநிலை 232 டிகிரி ஆயிற்றே, கவலை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் நீராவி அதைத் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடும். ஓம எண்ணெயை வடித்தெடுப்பதே இம்முறையில்தான்! இதைத் தடுக்க, எண்ணெயை நுண்ணிய கொழுப்புறைக்குள் அடைத்துச் சேர்க்கின்றனர். கொழுப்பு குடலில் செரிக்கும்போது மருந்து உரிய இடத்தில் வெளிப்படுகிறது.

மூன்றாவது, மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று கருதிவிடலாகாது. கடுக்காயில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. அளவு கூடினால் அது தீவனத்திலுள்ள புரதத்துடன் பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும். மஞ்சள் பொடியில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் தீய வழக்கமும் கண்டறியப்பட்டுள்ளது. மேலும், வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசியே காப்பு. மூலிகை கொடுக்கிறோம் என்று தடுப்பூசியை நிறுத்துவது பெரும் இழப்பில் முடியும்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவாகிறது என்பதைத் தீவன மாற்று விகிதம் என்பர். 2 கிலோ கோழி ஒன்று 3.3 கிலோ தீவனம் உண்டால் விகிதம் 1.65. மூலிகையால் இது 1.60 ஆகக் குறைந்தால் கோழிக்கு 100 கிராம் தீவனம் மிச்சம். 5,000 கோழிகளுக்கு 500 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று கொண்டால் 20,000 ரூபாய். ஆனால் கோழிகள் உண்ட 16 டன் தீவனத்துக்கு, டன்னுக்கு 5 கிலோ வீதம், 80 கிலோ ஓமம் வேண்டும். கிலோ 200 ரூபாய் என்றால் 16,000 ரூபாய். மிச்சம் 4,000 ரூபாய். ஓமத்தின் விலை 250 ரூபாய் ஆனால் மிச்சம் ஏதுமில்லை!

இந்த 0.05 வேறுபாடு மூலிகையால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்பதையும் அறிய வேண்டும். கொட்டகையின் காற்றோட்டமான ஓரத்துக் கோழிகள் இயல்பாகவே நன்கு வளரும். ஆகவே பல தடுப்புகள் அமைத்து, மூலிகை கலந்த தீவனத்தையும் கலக்காததையும் சீட்டுக் குலுக்கி ஒதுக்கி, ஒரே நாளில் வந்த குஞ்சுகளைக் கொண்டு ஒப்பிட வேண்டும். இவ்வாறு செய்த சோதனைகளுள் சிலவற்றில் நல்ல பயனும், சிலவற்றில் பயனின்மையும் காணப்பட்டுள்ளன. சுத்தமான கொட்டகையில் வேறுபாடு குறைவாகவே தெரியும்.

ஒப்பந்த முறையில் வளர்க்கும் பண்ணையாளருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்தே வருகின்றன. தீவனத்தில் எதையும் கலக்கும் உரிமை பெரும்பாலும் அவரிடம் இல்லை. ஆனால், மூட்டையில் என்ன மருந்து சேர்ந்துள்ளது என்று கேட்க அவரால் இயலும். அவர் அதைக் கேட்க வேண்டும். சொந்தமாகத் தீவனம் கலப்பவர்கள் கால்நடை மருத்துவரின் அறிவுரையுடன், முதலில் நூறு கோழிகளில் சோதித்து, எடையையும் தீவனத்தையும் குறித்து வைத்துத் தொடங்கலாம்.

மூலிகை மந்திரமன்று, அளந்து பயன்படுத்த வேண்டிய வேதிப்பொருள். உலர்ந்த கூளம், தூய குடிநீர், நல்ல காற்றோட்டம், தடுப்பூசி ஆகிய நான்கும் அமைந்த பண்ணையில் அது ஐந்தாவது துணையாக நிற்கும். அப்படி நின்று நுண்ணுயிர்க்கொல்லியின் தேவையைச் சிறிது குறைத்தாலும், அந்த மருந்து நம் குழந்தைகளுக்குத் தேவைப்படும் நாளில் பயன் குன்றாமல் இருக்கும்.