பிற்பகல் 3 மணிக்கு ஏன் கால்பந்து?

2025 ஜூன் 21, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். கிளப் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்டும் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸும் உச்சி வெயிலில் மோதின. முதல் பாதியில் டார்ட்மண்டின் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் இல்லை. உடைமாற்றும் அறைக்குள் உட்கார்ந்து, வெளியே நடக்கும் தங்கள் அணியின் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் உட்கார வைத்தால் களமிறங்கும் முன்பே தளர்ந்துவிடுவார்கள் என்று அணி எடுத்த முடிவு அது.

அதே தொடரில் அட்லெடிகோ மாட்ரிட்டின் மார்கோஸ் யொரென்டே, பாசடீனாவில் நண்பகல் ஆட்டத்தை முடித்துவிட்டு, கால்விரல் நகங்கள்கூட வலித்தன என்றார். செல்சீயின் என்ஸோ ஃபெர்னாண்டஸ், நியூ ஜெர்சியில் பிற்பகலில் நடந்த அரையிறுதியில் தலைசுற்றித் தரையில் படுக்க வேண்டியிருந்ததாகவும், இப்படிப்பட்ட வெயிலில் ஆடுவது மிக ஆபத்தானது என்றும் சொன்னார். இவர்கள் உலகின் மிகத் தேர்ந்த உடல்திறன் கொண்டவர்கள். தனி மருத்துவர், உணவு வல்லுநர், பயிற்சியாளர் என்று கூடவே ஒரு படை இருக்கும். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், வெயிலை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓடும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகவும் உதையாகவும் மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை ரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. அங்கே வியர்வை ஆவியாகி அதை வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டுப் போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, நீரையும் உப்பையும் மட்டும் பறித்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் காற்றாடும் இடத்தில் சில்லென்று இருப்பதும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராததும் இதே காரணத்தால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை போக இடமில்லை.

அப்போது இதயத்துக்கு இரட்டை வேலை. ஓடும் கால்களுக்கும் ரத்தம் வேண்டும், குளிர வேண்டிய தோலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்த்து வியர்த்து ரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே வருகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் வெட்டப்படுகிறது. அது நீடித்தால் குடலின் உட்சுவர் பலவீனமாகி, அங்குள்ள பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கசியத் தொடங்கும். பொதுவாக 37 டிகிரியில் இருக்கும் உடலின் உள்வெப்பநிலை, தீவிரமான ஆட்டத்தில் 39 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. 40ஐத் தாண்டி, கூடவே மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். பேச்சு குழறும், திசை தெரியாது, காரணமில்லாமல் கோபம் வரும், பிறகு நினைவு தப்பும். வியர்வை நின்று தோல் காய்ந்துபோயிருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கடும் உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் நனைந்தபடியேகூட விழலாம். இதை அறியாமல் ‘வியர்க்கிறதே, பயமில்லை’ என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து.

நாளிதழ்களில் வரும் ‘அதிகபட்ச வெப்பநிலை’ இந்த ஆபத்தை அளக்கப் போதாது. அது நிழலில் வைத்த வெப்பமானி சொல்லும் எண். விளையாட்டு மருத்துவர்கள் நம்புவது டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவை. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் இளம் வீரர்கள் வெயிலில் விழுந்ததால் உருவாக்கப்பட்டது. இதில் 70 சதவீதம் ஈரத் துணி சுற்றிய வெப்பமானியின் அளவு, 20 சதவீதம் வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பம், 10 சதவீதம் மட்டுமே சாதாரண வெப்பநிலை. அதாவது புழுக்கத்துக்குத்தான் பெரும் பங்கு. இந்த அளவையில் 32 என்பது நாம் பேச்சுவாக்கில் சொல்லும் 32 டிகிரி இல்லை. அதைவிட மிகக் கொடுமையான நிலை.

சர்ச்சை முழுவதும் இந்த எண்ணைச் சுற்றித்தான். டபிள்யூ.பி.ஜி.டி. 32ஐத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் சில நிமிடம் தண்ணீர் இடைவேளை என்பது உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபா நெடுங்காலமாகக் கடைப்பிடித்த வரம்பு. ஆட்டக்காரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ, 26லேயே இடைவேளை வேண்டும், 28ஐத் தாண்டினால் ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டும் என்கிறது. ஒரே உடல், ஒரே வெயில். சங்கம் ஆட்டமே வேண்டாம் என்று சொல்லும் நிலையையும் தாண்டி இன்னும் 4 டிகிரி ஏறும் வரை ஃபிஃபாவின் அந்த விதிப்படி இடைவேளைகூடக் கட்டாயமில்லாமல் இருந்தது.

எந்த எண் நியாயமானது என்று பார்க்க நான் கத்தார் பக்கம் திரும்புவேன். 2022 உலகக் கோப்பைக்காக அங்கே அரங்குகளையும் சாலைகளையும் கட்டியவர்கள் தெற்காசியத் தொழிலாளர்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. வெயிலில் மாண்டவர்களைப் பற்றிய செய்திகளும் சர்வதேச நெருக்கடியும் சேர்ந்து 2021இல் கத்தார் அரசை ஒரு விதி கொண்டுவர வைத்தன. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது. நேரம் எதுவானாலும், டபிள்யூ.பி.ஜி.டி. 32.1ஐத் தாண்டினால் வேலையை அடியோடு நிறுத்த வேண்டும். அந்த விதியே போதாது, வரம்பு இன்னும் கீழே இருக்க வேண்டும் என்று தொழிலாளர் உரிமை அமைப்புகள் வாதாடின. செங்கல் சுமப்பவர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்குப் போக வேண்டிய அதே அளவில், பந்தை உதைப்பவருக்கு 3 நிமிடம் தண்ணீர் குடிக்க அனுமதி கிடைக்கிறது. இதை எந்த மருத்துவக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறேன். கத்தாரின் ஆட்டங்களையோ நவம்பர், டிசம்பருக்கே மாற்றினார்கள். ஆக, மனம் இருந்தால் உலகக் கோப்பையின் மாதத்தையே மாற்றலாம் என்பது நிரூபணமான விஷயம்.

பிறகு ஏன் பிற்பகல் ஆட்டங்கள்? கடிகாரத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் லண்டனில் இரவு 8, பாரிஸிலும் மாட்ரிட்டிலும் இரவு 9. ஐரோப்பா சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் உட்காரும் நேரம். ஒளிபரப்பு உரிமைக்குப் பெரும் பணம் தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். இது புதிய பழக்கமும் இல்லை. 1986இல் மெக்சிகோ நகரத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நண்பகலில் தொடங்கியது. அதே தொடரில் அர்ஜென்டினாவின் மாரடோனா இங்கிலாந்துக்கு எதிராகப் புகழ்பெற்ற இரு கோல்களை அடித்ததும் நண்பகல் ஆட்டத்தில்தான். இந்த நேரங்களை எதிர்த்து அவரும் சக வீரர் வால்டானோவும் அப்போதே குரல் கொடுத்தார்கள். 1994இல் பாசடீனாவில் பிரேசிலும் இத்தாலியும் இறுதி ஆட்டத்தைப் பகல் 12.30க்குத் தொடங்கி, கூடுதல் நேரம் வரை ஆடியும் கோல் விழாமல், பெனால்டியில் முடித்தன. அந்தத் தொடரில் ஆர்லாண்டோவின் வேக்காட்டில் மெக்சிகோவை எதிர்கொண்ட அயர்லாந்தின் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், தன் ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க விடவில்லை என்று அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். 

மாற்றம் வந்தது நீதிமன்றம் வழியாக. 2014 பிரேசில் உலகக் கோப்பையின்போது தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், 32ஐத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை கட்டாயம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாளிலேயே ஃபோர்டலேசாவில் நெதர்லாந்து, மெக்சிகோ ஆட்டத்தை நடுவர் நிறுத்தி வீரர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். கால்பந்து ஆடுவதும் ஒரு தொழில், மைதானமும் ஒரு பணியிடம் என்று அந்த நீதிமன்றம் பார்த்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2026 உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவின் 16 நகரங்களில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா அரங்குகளுக்குக் கூரையும் குளிர்சாதனமும் உண்டு. மயாமி, கன்சாஸ் சிட்டி, பிலடெல்பியா, பாஸ்டன், நியூ ஜெர்சி, மெக்சிகோவின் மான்டெர்ரே எல்லாம் திறந்தவெளி. மயாமி அரங்கின் கூரை பார்வையாளர்கள் பலருக்கு நிழல் தரும், புல்தரைக்குத் தராது. பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 16 இடங்களில் 14 இடங்களில் டபிள்யூ.பி.ஜி.டி. 28ஐத் தாண்டக்கூடும் என்று 2025இல் எச்சரித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஃபிஃபா, வானிலை எப்படி இருந்தாலும் எல்லா ஆட்டங்களிலும் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 3 நிமிட இடைவேளை என்று அறிவித்தது. நல்ல முடிவு, யாருக்கு எப்போது தருவது என்ற இழுபறி இதில் இல்லை. ஆனாலும் இறுதி ஆட்டத்துக்குக் குறித்த நேரம் நியூ ஜெர்சியின் திறந்த அரங்கில் பிற்பகல் 3 மணி.

3 நிமிடத்தில் என்ன ஆகும்? குளிர்ந்த தண்ணீர், கழுத்தில் ஐஸ் துண்டு, கொஞ்சம் நிழல். உள்வெப்பநிலை ஏறும் வேகம் சற்றே மட்டுப்படும். ஏறியது இறங்காது. அதனால்தான் ஃபிஃப்ப்ரோ, கடும் வெயிலில் பாதி நேர ஓய்வை 15இலிருந்து 20 நிமிடமாக்கச் சொல்கிறது. உடலை வெயிலுக்குப் பழக்கப்படுத்துவதும் உதவும். 10 முதல் 14 நாள் அதே சூழலில் பயிற்சி செய்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், ரத்தத்தின் அளவு கூடும், இதயத்தின் சுமை குறையும். ஐரோப்பிய லீக் முடிந்த கையோடு விமானம் ஏறும் வீரருக்கு அந்த இரண்டு வாரம் கிடைப்பது அபூர்வம்.

பேச்செல்லாம் ஆட்டக்காரர்களைப் பற்றியே இருப்பதில் ஒரு குறை இருக்கிறது. 2024 ஜூன் 25 அன்று கன்சாஸ் சிட்டியில் கோபா அமெரிக்கா ஆட்டம், கனடாவும் பெருவும். பாதி நேரம் நெருங்கும்போது கோட்டோரம் நின்ற குவாத்தமாலா உதவி நடுவர் உம்பெர்த்தோ பான்ஹோ அப்படியே சரிந்தார். கனடாவின் கோல்கீப்பர் ஓடிவந்து உதவிக்கு ஆட்களை அழைத்தார். நடுவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களை மாற்றி உட்கார வைக்க வரிசையாக மாற்று ஆள்களும் இல்லை. மாடத்தில் இருப்பவர்களோ பயிற்சியே இல்லாத உடல்கள்: முதியோர், குழந்தைகள், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பீர் குடித்தவர்கள். ஆட்டம் 90 நிமிடம் என்றாலும் வாகன நிறுத்தத்திலும் வாசல் வரிசையிலும் தொடங்கி அவர்கள் வெயிலில் நிற்பது பல மணி நேரம். பாதுகாப்பு என்ற பெயரில் வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும் அரங்குகள், உள்ளே இலவசத் தண்ணீரும் நிழலும் தந்தே ஆக வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே தட்டு சுமந்து விற்பவர்களும் காவலர்களும் காலையிலிருந்தே அங்கேதான்.

ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மருத்துவம் தெளிவாகக் கற்றுவிட்டது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர், ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கோரி ஸ்ட்ரிங்கர். மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காரர். 2001 ஜூலை 31 அன்று பயிற்சி முகாமில் விழுந்தார். மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் 42 டிகிரிக்கு மேல் இருந்தது. மறுநாள் அதிகாலை இறந்தார், வயது 27. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனம் ஓயாமல் சொல்வது இதைத்தான்: முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பநிலையை 40க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மாசசூசெட்ஸின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேருக்கு இந்த முறையில் சிகிச்சை நடந்தது. 274 பேரும் பிழைத்தார்கள். ஒரு தொட்டி, தண்ணீர், ஐஸ், உள்வெப்பத்தைச் சரியாக அளக்கும் ஒரு வெப்பமானி. கோடிகளில் புரளும் விளையாட்டுக்கு இது செலவே இல்லை. இருந்தும் 2018இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியின் ஜோர்டன் மக்நேர் பயிற்சியில் சரிந்தபோது அவரைத் தொட்டியில் இறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, 19 வயதில் இறந்தார்.

தொட்டி கடைசிக் காப்பு. முதல் காப்பு அட்டவணை. 2026க்கு அடுத்த உலகக் கோப்பை 2030 கோடையில், பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில். முன்மொழியப்பட்ட ஊர்களில் கோடையில் கொதிக்கும் செவில்லாவும் மராகேஷும் இருக்கின்றன. இந்தமுறை ஐரோப்பிய டிவியின் இரவு 9 மணியும் மைதானத்தின் இரவு 9 மணியும் ஏறக்குறைய ஒன்றுதான். 1986இலும் 1994இலும் சொன்ன காரணம் அங்கே செல்லாது. ஆனால் 48 அணிகள் ஆடும் தொடரின் முதல் சுற்றில் ஒரே நாளில் பல ஆட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் இரவில் வைக்க முடியாது, சில பிற்பகலுக்குத் தள்ளப்படும். அந்தப் பிற்பகல்கள் கடல் காற்று வீசும் ஊர்களுக்குப் போகின்றனவா, செவில்லாவுக்கும் மராகேஷுக்கும் போகின்றனவா, அவற்றில் ஆட வைக்கப்படுவது எந்த நாட்டு அணிகள் என்பதையெல்லாம் அட்டவணை வெளியாகும் அன்றே ஆட்டக்காரர் சங்கங்களும் ரசிகர்களும் கேட்க வேண்டும். டிக்கெட்டுகள் விற்று முடிந்தபின் நேரத்தை மாற்றுவது மிகவும் கடினம்.