பழைய மடிக்கணினிக்குப் புதிய திரை

கருவி பழையதாயிற்று என்று அதனைக் கழித்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'திங்க்பேட் எக்ஸ்220' என்னும் மடிக்கணினியே இதற்குச் சான்று.

அதன் 12.5 அங்குலத் திரை இருவகையாக அமைந்தது. ஒன்று 'டி.என்.' எனப்படும். அதன் நீர்மப் படிக மூலக்கூறுகள் முறுக்குண்டு நிற்கும். ஆதலின் பக்கத்திலிருந்து நோக்குவார்க்கு நிறம் திரிந்து தோன்றும். மற்றொன்று 'ஐ.பி.எஸ்.' ஆகும். அதன் மூலக்கூறுகள் கண்ணாடித் தளத்திற்கு இணையாகவே சுழலும்; ஆதலின் எப்புறம் நோக்கினும் நிறம் பெரிதும் மாறாது.

இரண்டும் அளவாலும் இணைப்பாலும் ஒத்தவை. எனவே முன்னதை நீக்கிப் பின்னதைப் பொருத்தலாம். முதற்கண் மின்கலத்தை அகற்றுதல் வேண்டும். பின்னர்ச் சட்டத்தைக் கழற்றி, திருகுகளை நீக்கி, இணைப்பு வடத்தை மெல்ல விடுவித்தல் வேண்டும். விரைந்து இழுப்பின் அதன் முனை ஒடியும். இணைப்பு ஒவ்வாத திரையை வாங்குதல் வீண் செலவாம்.

ஆராய்ந்து, பொறுமையுடன் செய்வார்க்குப் பழங்கருவியும் புதுப்பயன் நல்கும்.