உஷார்! வாய்க்குள்ளே வலிக்காத வெள்ளைத் திட்டு

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். வெற்றிலை போடுகிறவர் எவராக இருந்தாலும் சரி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, எல்லாவற்றையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இரண்டில் எது இருந்தாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். சிவந்த திட்டென்றால் இன்னும் அவசரம்.

"வலிக்கவே இல்லையே" என்பீர்கள். பயமே அதில்தான் இருக்கிறது: வாய்ப் புற்றுநோய் இப்படி வலிக்காமலும் தொடங்கலாம்.

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. தோட்டங்களில் பெண்களும் ஆண்களுக்குச் சளைக்காமல் மெல்லுகிறார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கிறவருக்கு வெற்றிலை சூடு தரும், பசியை மறக்கடிக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சூட்டைத் தருகிற அரிகோலின் என்ற பொருள், ஆபத்தையும் தருகிற அதே பாக்கிலிருந்துதான் வருகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அது இன்னும் வேகமாக வெளிப்படும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு. அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும் நொதி ஒன்று உண்டு: பிஐ3 கைனேஸ். அது கொழுப்பின் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை 1988இல் லூயிஸ் கான்ட்லியின் குழு வெளியிட்டது. பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படிப்பதைப் போலத்தான் இதன் வேலை. பாஸ்பேட் ஏறிய கொழுப்பைக் கண்டதும் ஏகேடி என்னும் புரதம் சவ்வுக்கு ஓடிவந்து, வளர், பிரி, சாகாதே என்று செல்லுக்குள் உத்தரவு போடுகிறது. வேலை முடிந்ததும் பிடென் என்ற இன்னொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். தப்பும் நின்றுவிடும்.

நிற்காமல் போனால்? பல வருஷம் பாக்கும் பொயிலையும் ஊறிய இடத்தில் மரபணுக்கள் கெடுகின்றன. பிஐ3 கைனேஸுக்கான மரபணுவே பல புற்றுநோய்களில் மாறிப்போயிருப்பதை 2004இல் கண்டார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் அடிக்கடி கெட்டுப்போகிற மரபணுக்களில் அதுவும் ஒன்று. செல்கள் ஓயாமல் பெருகும். ஆனாலும் வலி நரம்பு தொடப்படும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அதே 2004இல் வெளிவந்த இன்னொரு செய்தி நம் லயங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. பொயிலை சேராத வெற்றிலையும், வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக அறிவித்தது. "பொயிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான்" என்கிறவருக்கும் ஆபத்து விலகவில்லை. 2016இல் புகையில்லாப் புகையிலைப் பொருட்களை அரசு தடைசெய்தது. ஆனால் வெற்றிலையும் பாக்கும் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

கொச்சிக்காய்ச் சம்பல் பட்டதும் வாய் எரிகிறதா? மூன்று விரலை ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா? பாக்கினால் கன்னத்தின் உட்புறத் திசு நாராக இறுகுவதன் அடையாளம் அது. மெல்லுவதை நிறுத்தினாலும் இறுகியது முழுக்க இளகாது, புற்றுநோய் வரும் ஆபத்தும் தொடரும். அதனால் நிறுத்திவிட்டுக் காட்டவும் வேண்டும்.

மாத்திரை வந்துவிடும் என்று காத்திருக்கவேண்டாம். பிஐ3 கைனேஸைத் தடுக்கும் அல்பெலிசிப் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்கு. இன்சுலினின் சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோவதும் இதே நொதிதான் என்பதால், அந்த மருந்து எடுத்தால் சீனி ஏறும். வாய்ப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கத்தியும் கதிர்வீச்சுமே முதன்மைச் சிகிச்சை. திட்டு சிறிதாக இருக்கையில் போனால் வெட்டுவதும் சிறிதாகவே இருக்கும்.

ஒருநாள் பேர் போய்விடும் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவுக்குத் துண்டு கேளுங்கள். மேற்கொண்டு பார்க்கப் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. வாயைப் பார்த்து இத்தகைய திட்டுகளைக் கண்டுபிடிக்க சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கலாம் என்பதை 1984இலேயே இலங்கை ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. உங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடமும் "என் வாயைப் பாருங்கள்" என்று கேட்கலாம்.

பல் பிரிவுக்குப் போனால் மரத்துப்போக ஊசி போட்டு, திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்று லயத்தில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்தத் துண்டைப் பார்க்காமல் அது என்ன திட்டு என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.