கருவியின் மேல் ஒட்டும் சீட்டு

மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்துபோனால், உள்ளே இருப்பது எத்துணை நல்ல மருந்தாயினும் அதனைப் பருக எவரும் துணியமாட்டார். எந்நோய்க்கு உரியது, எவ்வளவு அருந்த வேண்டும், எவருக்குக் கொடுக்கலாகாது என்பனவற்றை அறிவிப்பது அச்சீட்டுத்தான். செயற்கை நுண்ணறிவுத் துறையிலும் இத்தகையதொரு சீட்டு இன்று பெரும் கவனத்தைப் பெற்றுள்ளது.

கேட்ட வினாவிற்கு விடை எழுதித் தருவதோடு இந்நுட்பத்தின் முதற்கட்டம் நின்றிருந்தது. அடுத்து வந்தது 'ஏஜெண்ட்' எனப்படும் முகவர். கடிதம் அனுப்பு, பயணச்சீட்டுப் பதிவு செய் என்று ஏவினால், அதற்கென ஒப்படைக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு அது காரியம் ஆற்றுகிறது. கருவி என்பது இங்கே சுத்தியலோ அரமோ அன்று. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு கணிப்பொறி நிரல். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூன் மாதத்தில் இவ்வகை வசதியை நிரலாளர்களுக்கு வழங்கிற்று. வெவ்வேறு கருவிகளை முகவர்களோடு இணைப்பதற்கான பொது முறை ஒன்றை 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பெயரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

இதில் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருவியைக் கையாளும் முகவர் பொதுவாக அதன் உட்புறத்தைக் காண்பதில்லை. அதன் கண்முன் இருப்பவை கருவியின் பெயர், சில வரி விளக்கம், நிரப்பித் தர வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவையே. இவற்றைப் படித்தே எக்கருவியை எடுப்பது, எப்போது எடுப்பது என்று அது தீர்மானிக்கிறது. அவ்விளக்கம் எழுதப்படுவதோ நாம் பேசும் சாதாரண மொழியில்!

ஒரு மருத்துவமனையின் முகவரிடம் இரு கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று சந்திப்பு நாளை மாற்றுவது. மற்றொன்று சந்திப்பையே நீக்குவது. இரண்டிற்கும் 'முன்பதிவைச் சரிசெய்யும்' என்று மட்டுமே எழுதிவைத்துள்ளனர். "வியாழனன்று வர இயலாது, வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் முதிய தாயார் ஒருவர். முகவர் இரண்டாவது கருவியை எடுத்துவிட்டால், பல வாரங்கள் காத்திருந்து பெற்ற இடம் பறிபோகும். 'இது சந்திப்பை அடியோடு நீக்கும். நீக்கியபின் மீட்க இயலாது. நாளை மாற்ற மட்டும் விரும்புவோருக்கு இதனைப் பயன்படுத்தலாகாது. நீக்குமுன் அவரிடம் கேட்டு உறுதி செய்க' என்று எழுதியிருப்பின் இத்தவறு நேரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒரு கருவி எதற்கு அன்று என்பதைச் சொல்லத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர்.

விவரப் பட்டியலிலும் இதே தொல்லை உண்டு. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்கருக்கோ மார்ச் நான்காம் நாள். 'தேதி' என்று மட்டும் எழுதாமல், ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தருக என ஓர் எடுத்துக்காட்டோடு எழுதிவிட்டால் தீர்ந்தது. தவறாக நிரப்பினால் 'பிழை' என்ற ஒற்றைச் சொல்லைத் திருப்பி அனுப்புவதும் பயனற்ற செயலே. எவ்விடத்தில் பிழை, எவ்வாறு திருத்துவது என்று கருவி சொன்னால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அனுபவப்பட்டே கற்றன. ஆந்த்ரோபிக் தனது கிளாட் என்னும் முகவருக்கு இணையத் தேடல் கருவியை அளித்தபோது, அது தேடும் சொற்களோடு தேவையின்றி '2025' என்னும் ஆண்டையும் ஒட்டிக்கொண்டே போயிற்று. தேடலின் பயனும் குறைந்தது. கருவியின் விளக்கத்தைச் செம்மைப்படுத்தியே அவ்வழக்கத்தை மாற்றினர் என்று அந்நிறுவனமே பின்னர் எழுதியுள்ளது. கணிதமும் பொறியியலுமே கணிப்பொறிக்குப் போதும், மொழிப்பாடம் எதற்கு என்று பிள்ளைகளிடம் கூறும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதுவதும் கூடாது. முகவர் ஒரே வேளையில் மனத்தில் நிறுத்தக்கூடிய எழுத்திற்கு ஓர் எல்லை உண்டு. கருவிகளின் விளக்கங்கள் யாவும் அவ்விடத்தையே பங்கு போட்டுக்கொள்கின்றன. மூன்று நான்கு தெளிவான வாக்கியங்கள் பல கருவிகளுக்குப் போதுமானவை.

இச்சீட்டில் தீமையும் ஒளிந்திருக்கலாம். இரண்டு எண்களைக் கூட்டித் தரும் எளிய கருவி ஒன்றின் விளக்கத்தில், பயனரின் இரகசியக் கோப்புகளைப் படித்து அனுப்புமாறு மறைமுகமாக எழுதிவைத்தால் முகவர் அதற்கும் கீழ்ப்படிந்துவிடக் கூடும் என்பதை இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் ஆய்வுக் குழு 2025 ஏப்ரலில் செய்து காட்டிற்று. முகவருக்கு அவ்விளக்கம் முழுவதும் தெரியும். திரையில் அதன் சுருக்கத்தை மட்டும் காணும் மனிதருக்கோ தெரியாது. ஆகவே பிறர் ஆக்கிய கருவியை இணைக்கும் முன்னர் அதன் விளக்கத்தை முழுவதும் திறந்து படிக்க வேண்டும். பணம் அனுப்புதல், கோப்பை அழித்தல் போன்றவற்றில் மனிதர் ஒப்புதல் அளித்த பின்னரே முகவர் செயல்படுமாறு அமைத்துக்கொள்ள வேண்டும்.