பன்னிரண்டு சொற்களும் ஓர் அமானிதமே



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய், மகனுடைய செல்போனோடு நமது அலுவலகத்துக்கு வந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்த மகன் மவுத்தாகிவிட்டார். "பிட்காயின்ல போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு இருந்தானுங்க. எப்படி எடுக்கறதுன்னு தெரியலைங்க" என்றார். போன் திறந்தது. உள்ளே இருந்த வாலட் செயலி திறக்கவில்லை. மீட்புச் சொற்களை எழுதிய தாள் வீட்டில் எங்கும் இல்லை. நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கிரிப்டோ வாங்குவது கூடுமா, கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கச் சொல்லி நாம் எழுதவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கே இந்த விளக்கம்.

முதலில், உங்கள் நாணயம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் கணக்கில் விட்டு வைத்திருந்தால், சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்று தீர்ப்பளித்தார். சொத்து என்றால் அதில் வாரிசுகளுக்கும் ஹக் உண்டு.

ஆனால் சொந்த வாலட்டில் இருப்பதை நீதிமன்ற உத்தரவால்கூடத் திறக்க முடியாது. நாணயம் போனுக்குள் இல்லை. இணையத்தில் பலர் கூடி வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில் பதிவாக இருக்கிறது. அதற்கான சாவிதான் வாலட் தொடங்கும்போது காட்டப்படும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். போன் தொலைந்தாலும் இந்தச் சொற்களை வரிசை மாறாமல் வேறு போனில் இட்டால் எல்லாம் திரும்ப வரும். போனும் போய், சொற்களும் போய்விட்டால், முறையிட ஒரு மேனேஜர்கூடக் கிடையாது. பிரிட்டனில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013இல் குப்பையோடு போய்விட்டது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது.

எனவே வீட்டுப் பத்திரத்தைப் பாதுகாப்பது போலவே இதையும் பாதுகாக்க வேண்டும்.

1. சொற்களை உங்கள் கையால் தாளில், எண் போட்டு எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ வைக்காதீர்கள். அந்தக் கணக்கை ஒருவன் திறந்தால் வாலட்டும் அவன் கைக்குப் போய்விடும்.

2. இரண்டு பிரதிகள் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் பவானியில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுவது நமக்குப் புதிதல்ல. ஒன்று வீட்டில் இருந்தால், இன்னொன்று வங்கி லாக்கரில் இருக்கட்டும். பாதிச் சொற்கள் ஓரிடம், பாதி வேறிடம் என்று பிரிக்காதீர்கள். ஒரு பாதி போனாலும் முழுவதும் போய்விடும்.

3. தொகை பெரிதென்றால் எவர்சில்வர் தகட்டில் பதித்து வைக்கலாம். தண்ணீருக்கும் தீக்கும் தாங்கும். பெரும்பாலான வாலட்டுகளில் ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே போதும். ஆனால் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே பதியுங்கள்.

4. பெரிய தொகையை மாற்றும் முன் சிறு தொகை போட்டு, செயலியை அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களால் மீட்டுப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

5. "கஸ்டமர் கேர்" என்று யார் கேட்டாலும் சொற்களைச் சொல்லாதீர்கள். எந்த நேர்மையான நிறுவனமும் கேட்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. வஸிய்யத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்பது நமக்குத் தெரியும். கடன், கொடுக்கல் வாங்கல், நகை ஆகியவற்றோடு, இன்ன வாலட் இருக்கிறது, அதற்கான தாள் இன்ன இடத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்; சாட்சிகளும் மற்றவர்களும் படிக்கும் காகிதம் அது. எக்ஸ்சேஞ்சில் கணக்கு இருந்தால் அதன் பெயரையும் குறியுங்கள். வாரிசுச் சான்றிதழோடு விண்ணப்பிக்க அது உதவும். மனைவிக்கோ பெற்றோருக்கோ, நம்பிக்கையான ஒருவருக்கு, மீட்கும் முறையை ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து விளக்குகிறோம். வரும்போது அந்தத் தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அதை நாங்களும் பார்க்கக் கூடாது.